பீவர் தோலுக்காகக் காலியான காடுகள்: பொறி வைத்தவர்களே மனம் மாறியது எப்படி?

கனடாவின் மிகப் பழைய வணிக நிறுவனம் ஹட்சன்ஸ் பே கம்பெனி. 2025 ஜூன் 1-ம் தேதியோடு அதன் கடைகள் எல்லாம் மூடப்பட்டன. மூடும்போது அது துணிமணி, வீட்டுச் சாமான் விற்கும் டிபார்ட்மென்ட் ஸ்டோர். ஆனால் 1670-ல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் கையெழுத்து போட்டுக் கொடுத்தபோது, அந்தக் கம்பெனி தேடிப் போனது துணியை இல்லை, ரோமத் தோலை. குறிப்பாக, பீவர் என்ற விலங்கின் தோலை.

அந்த வியாபாரம் ஒரு நாட்டையே உருவாக்கியது. அதே வியாபாரம் ஒரு விலங்கைக் கிட்டத்தட்ட இல்லாமலேயே ஆக்கியது. பிறகு அந்த விலங்கு திரும்பி வந்தது. திரும்ப வர வேலை செய்தவர்களில் சிலர், வருடக்கணக்கில் அதற்குப் பொறி வைத்துப் பிழைத்தவர்கள் என்பதுதான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம்.

பீவர் என்றால் நம்ம ஊர் நீர்நாயா?

இல்லை. காவிரி, பவானி ஆறுகளில் தென்படும் நீர்நாய் மீன் தின்னும் விலங்கு. பீவர் கொறித்துண்ணி, அதாவது எலி, அணில் வகையறா. உலகின் இரண்டாவது பெரிய கொறித்துண்ணி இதுதான். நன்றாக வளர்ந்தது 30 கிலோ வரை வரும். மரப்பட்டை, இலை, நீர்த்தாவரம்தான் சாப்பாடு. பல்லில் இரும்புச்சத்து இருப்பதால் அது ஆரஞ்சு நிறமாக இருக்கும். அந்தப் பல்லால் மரத்தையே சாய்த்துவிடும்.

சாய்த்த மரத்தையும் சேற்றையும் வைத்து ஓடைக்குக் குறுக்கே அணை கட்டும். தேங்குகிற நீருக்கு நடுவே குச்சிகளால் வீடு கட்டி, தண்ணீருக்கு அடியில் வாசல் வைக்கும். அப்பா, அம்மா, போன வருடக் குட்டிகள், இந்த வருடக் குட்டிகள் என ஒரு குடும்பமே உள்ளே இருக்கும். ஜோடி சேர்ந்தால் பெரும்பாலும் கடைசிவரை அதே ஜோடிதான்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேட்டைக்காரன் பார்வையில் பாருங்க: இந்த விலங்கு ஊர் மாறி ஓடாது. வீடு எங்கே என்று தூரத்தில் இருந்தே தெரியும். மொத்தக் குடும்பமும் ஒரே இடத்தில் இருக்கும். ஒரு ஓடையைக் காலி செய்ய இதைவிட வசதி வேண்டுமா?

எல்லாம் ஒரு தொப்பிக்காக

பீவர் தோலை யாரும் அப்படியே மாட்டிக்கொண்டு லண்டனில் நடக்கவில்லை. அதன் ரோமம் இரண்டு அடுக்கு. மேலே நீளமான முரட்டு முடி. அடியில் மிக மென்மையான, அடர்த்தியான முடி. அடிமுடியின் ஒவ்வொரு இழையிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு முட்கள் இருக்கும். அவற்றை அமுக்கிப் பிசைந்தால் ஒன்றோடொன்று கொக்கி போட்டு ஃபெல்ட் என்ற கெட்டித் துணியாகிவிடும். மழையில் நனைந்தாலும் உருக்குலையாது. ஐரோப்பாவில் 17, 18-ம் நூற்றாண்டுகளில் மரியாதைப்பட்டவர் தலையில் இருந்த தொப்பி பெரும்பாலும் இதுதான்.

ஐரோப்பா தன் சொந்த பீவர்களை ஏற்கெனவே ஏறக்குறைய தீர்த்துவிட்டிருந்தது. அதனால்தான் கண் வட அமெரிக்கா பக்கம் திரும்பியது.

அங்கே வேட்டையாடித் தோலைக் கொண்டுவந்தவர்கள் முதலில் பூர்வகுடி மக்கள்தான். ஆரம்பத்தில் வியாபாரிகள் அதிக விலை கொடுத்தது புதுத் தோலுக்கு இல்லை, பூர்வகுடிகள் ஒன்றிரண்டு வருடம் உடுத்திப் பழசான தோல் அங்கிக்கு! உடம்பு உராய்ந்து உராய்ந்து முரட்டு முடி தானாக உதிர்ந்திருக்கும். தொப்பிக்காரருக்குப் பாதி வேலை மிச்சம். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரம் நமக்குத் தெரியும். இங்கே பழைய அங்கிக்குப் பானையும் கோடரியும் கொடுத்தார்கள்.

காசு புழங்காத இடம் என்பதால் பீவர் தோலே காசானது. நல்ல குளிர்காலத் தோல் ஒன்றுதான் அளவுகோல். 18-ம் நூற்றாண்டு விலைப்பட்டியல்களில் ஒரு துப்பாக்கிக்கு 10 முதல் 12 தோல் வரை கேட்டிருக்கிறார்கள். ஹட்சன் விரிகுடாவில் வந்து சேரும் ஆறுகள் பாயும் நிலம் முழுவதும், அதாவது இன்றைய கனடாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், அந்தக் கம்பெனியின் ஏகபோகம். அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. வியாபாரப் பாதைகளில் தோலோடு சேர்ந்து பெரியம்மையும் போனது. 1780-களின் தொடக்கத்தில் அது பல சமூகங்களைப் பாதிக்குமேல் அழித்தது.

வேண்டுமென்றே காலி செய்த கதையும் உண்டு. 1820-களில் இன்றைய அமெரிக்காவின் ஸ்னேக் ஆற்றுப் பகுதிக்குள் அமெரிக்க வேட்டைக்காரர்கள் நுழையாமல் தடுக்க ஹட்சன்ஸ் பே கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்தது. அங்கே ஒரு பீவர்கூட மிச்சம் வைக்காமல் பிடித்துவிடுவது! தோல் இல்லாத நாட்டுக்கு யார் வருவார்கள் என்ற கணக்கு. இதே கம்பெனி தன் ஏகபோக நிலத்துக்குள் மட்டும் 'அளவாகப் பிடியுங்கள்' என்று கட்டுப்பாடு போட்டது. ஆக, அளவாகப் பிடிக்க வேண்டும் என்பது தெரியாமல் இல்லை.

ஐரோப்பியர் வரும்முன் வட அமெரிக்காவில் குறைந்தது 6 கோடி பீவர்கள் இருந்திருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. 1900 வாக்கில் சுமார் 1 லட்சம். இத்தனைக்கும் 1840-களிலேயே பட்டுத் தொப்பி ஃபேஷனாகி, பீவர் தொப்பிக்கு மவுசு குறைந்துவிட்டது. ஆனால் கோட், காலர் என்று தேவை வேறு வடிவத்தில் தொடர்ந்தது.

பொறிக்காரரின் ஒரு நாள்

இந்தத் தொழில் செய்பவரை ஆங்கிலத்தில் 'ட்ராப்பர்' என்பார்கள். பொறிக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்கென்று காட்டில் ஒரு பாதை உண்டு. பல கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதையில் வரிசையாகப் பொறிகள். நடுநடுவே இரவு தங்க மரக் குடிசைகள். குளிர்காலத்தில்தான் ரோமம் அடர்த்தியாக இருக்கும் என்பதால், வேலையும் மைனஸ் 30, 40 டிகிரி குளிரில்தான். பனிக்காலணி மாட்டிக்கொண்டு பாதையைச் சுற்றிவர நாட்கணக்கில் ஆகும்.

இந்தச் சுற்று முடியும்வரை பொறியில் மாட்டிய விலங்கு என்ன ஆகும்? பழைய இரும்புப் பொறி கொல்லாது. இரண்டு தாடை போல இருந்து, காலை வைத்ததும் படக்கென்று கவ்விக்கொள்ளும், அவ்வளவுதான். நியூயார்க் மாநிலத்தில் ஒனைடா என்ற சமூகக் குடியிருப்பில் 19-ம் நூற்றாண்டில் இவற்றை ஆலையில் வைத்துத் தயாரித்துக் குவித்தார்கள். (பின்னாளில் ஸ்பூன், ஃபோர்க் தயாரிப்பில் பேர் வாங்கிய அதே ஒனைடாதான்.) மாட்டிய விலங்கு நாள் முழுக்க, சில சமயம் அதற்கும் மேல் உயிரோடு கிடக்கும். குளிரில் விறைத்துச் சாகும். சில விலங்குகள் தன் காலையே முறுக்கியோ கடித்தோ துண்டித்துக்கொண்டு மூன்று காலோடு ஓடிவிடும். பொறிக்காரர் வந்து பார்த்தால் பொறியில் பாதம் மட்டும் இருக்கும்.

பீவருக்கு வைக்கும் பொறியில் ஒரு தந்திரம் உண்டு. அணையில் கொஞ்சம் உடைத்துவிடுவார்கள். தண்ணீர் ஒழுகும் சத்தம் கேட்டால் பீவரால் சும்மா இருக்க முடியாது. சரி செய்ய வந்துவிடும். வருகிற வழியில் பொறி. இன்னொரு முறை, பீவரின் வால் அருகே உள்ள சுரப்பியிலிருந்து எடுத்த வாசனைத் திரவத்தைக் குச்சியில் தடவி நட்டு வைப்பது. 'நம்ம இடத்துக்கு எவனோ புதுசா வந்துட்டான்' என்று பார்க்க வரும். மாட்டியதும் பொறியின் சங்கிலி அதை ஆழத்துக்கு இழுத்துச் சென்று மூழ்கடிக்கும்.

அதாவது வீட்டைக் காக்க வரும் குணம்தான் அதற்கு எமன். அந்தக் குணத்தைப் பொறிக்காரரைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. பின்னால் சிலருக்கு மனதை உறுத்தியதும் அதுதான்.

குட்டிகளின் குரல் கேட்ட கிரே அவுல்

1930-களில் உலகப் புகழ் பெற்ற கனடாக்காரர் கிரே அவுல். பூர்வகுடிப் பொறிக்காரராக ஏறக்குறைய 20 வருடம் ஒன்டாரியோ, கியூபெக் காடுகளில் வாழ்ந்தவர் என்று உலகம் அவரை அறிந்தது. இதில் 'பூர்வகுடி' என்ற ஒரு வார்த்தை மட்டும் பொய். அதற்குப் பிறகு வருவோம்.

அவருடைய மனைவி அனாஹாரியோ, மோஹாக் வம்சாவளியைச் சேர்ந்தவர். 1925-ல் இருவரும் சந்தித்தபோது அவருக்கு வயது 19. கணவரோடு பொறிப் பாதையில் கூடவே நடந்தார். மாட்டிய விலங்குகள் சாகும் விதத்தைக் கண்ணால் பார்த்தவருக்கு அது பிடிக்கவில்லை. சொல்லிப் பார்த்தார். கணவருக்கு வேறு தொழில் தெரியாது.

1928 வசந்த காலம். பீவர் வீடு ஒன்றின் அருகே வைத்த பொறியில் தாய் பீவர் சிக்கியது. வீட்டுக்குள்ளிருந்து குட்டிகளின் சத்தம். பீவர் குட்டி கத்தினால் கைக்குழந்தை அழுகிற மாதிரியே இருக்கும் என்பார்கள். குட்டிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று அனாஹாரியோ பிடிவாதமாக நின்றார். இரண்டு குட்டிகளும் படகில் ஏறின. மெக்கினிஸ், மெக்கிண்டி என்று பெயர் வைத்தார்கள். அவை கூடாரத்துக்குள் தூங்கின, சாப்பாட்டுக்குச் சண்டை போட்டன, ஆள் இல்லாவிட்டால் அழுதன.

கிரே அவுல் பீவருக்குப் பொறி வைப்பதை விட்டார். எழுத ஆரம்பித்தார். 1931-ல் முதல் புத்தகம். தேசியப் பூங்கா நிர்வாகம் அவரை வேலைக்கு எடுத்து, பீவர்களோடு படம் பிடித்தது. சஸ்காட்சவன் மாகாணத்தின் பிரின்ஸ் ஆல்பர்ட் தேசியப் பூங்காவில், அஜவான் ஏரிக்கரையில் அவருக்கு ஒரு மர வீடு. அந்த வீட்டுக்குள்ளேயே பீவர்கள் பாதிக் கூடு கட்டிக்கொண்டன! பிரிட்டன் முழுக்க மேடை மேடையாகப் பேசினார். 1937-ல் மன்னர் ஆறாம் ஜார்ஜ் முன்பும் பேசினார். கேட்டவர்களில் இளவரசி எலிசபெத்தும் ஒருவர்.

1938 ஏப்ரல் 13-ல் நிமோனியாவால் இறந்தார். உடனே செய்தி வெடித்தது. அவர் பெயர் ஆர்ச்சிபால்ட் பெலானி. ஊர் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ். தாய் அப்பாச்சி இனத்தவர் என்று சொன்னதெல்லாம் கட்டுக்கதை. ஒரே நாளில் பேர் கெட்டது. அவர் சொன்ன பீவர் கதையையும் சேர்த்துச் சந்தேகப்பட்டார்கள்.

அடையாளம் போலி; பீவர்கள் அழிந்து வந்தது நிஜம். இரண்டையும் பிரித்துப் பார்க்க உலகத்துக்குப் பல வருடம் ஆனது. 1999-ல் ரிச்சர்ட் அட்டன்பரோ இயக்கத்தில், பியர்ஸ் பிராஸ்னன் நடிப்பில் படமே வந்தது. ஆனால் முதலில் 'வேண்டாம்' என்று சொன்ன அந்தப் பெண்ணுக்கு? அனாஹாரியோவுக்குக் கனடாவின் உயரிய 'ஆர்டர் ஆஃப் கனடா' விருது கிடைத்தது 1983-ல். 1986-ல் அவர் காலமானார். உண்மையான பூர்வகுடிப் பெண் சொன்ன விஷயம், பூர்வகுடி வேஷம் போட்ட ஆங்கிலேயர் வாய் வழியாக வந்தபோதுதான் உலகின் காதில் விழுந்தது என்பது கொஞ்சம் கசப்பான விஷயம்தான்.

பாட்டி சொன்ன ஓடை

இதே மாதிரி இன்னொன்று, கனடாவின் மேற்குக் கோடியில். பிரிட்டிஷ் கொலம்பியாவின் சில்கோட்டின் பீடபூமியில் மெல்ட்ரம் என்ற ஓடை. எரிக் கோலியர் என்பவர், இவரும் இங்கிலாந்திலிருந்து வந்தவர், அந்தப் பக்கம் பொறி வைத்துப் பிழைக்க நினைத்தார். ஆனால் 1920-களில் அங்கே பிடிக்க ஒன்றுமே இல்லை. ஓடை வற்றிக் கிடந்தது. பக்கத்துக் காடு தீப்பிடித்து எரிந்துகொண்டே இருந்தது.

அவர் மனைவி லில்லியனின் பாட்டி லாலா, பூர்வகுடிப் பெண். அந்த ஓடையில் ஒரு காலத்தில் தண்ணீர் நிறைந்து நின்றதையும், வாத்து, மான், மீன் எல்லாம் இருந்ததையும் கண்ணால் பார்த்தவர். பீவரை எல்லாம் பிடித்துத் தீர்த்தார்கள், அணைகள் உடைந்தன, தண்ணீர் போனது, மற்றதும் போனது: பாட்டி சொன்ன காரணம் இவ்வளவுதான்.

1931-ல் எரிக், லில்லியன், கைக்குழந்தையாக இருந்த மகன் மூவரும் அங்கே குடியேறினார்கள். பீவர் இல்லை, அதனால் பீவர் வேலையை இவர்களே செய்தார்கள். உடைந்து கிடந்த பழைய அணைகளைக் கட்டையும் மண்ணும் போட்டுக் கையாலேயே அடைத்தார்கள். கீழே இருந்த பண்ணைக்காரர்கள் 'எங்க தண்ணிய நிறுத்துறீங்களா?' என்ற கவலையில் இருந்தார்கள். நியாயமான கவலைதான், பாசனத் தகராறு நமக்கும் புதிதில்லை. ஆனால் தேங்கிய நீர் மண்ணில் இறங்கி மெதுவாகக் கசிந்ததால், கீழேயும் நீர்வரத்து மோசமாகவில்லை, கூடியது. 1941-ல் வனவிலங்கு அதிகாரி ஒருவர் 2 ஜோடி பீவர்களைக் கொண்டுவந்து விட்டார். மனிதர் கட்டிய அணையை அவை தங்கள் பாணியில் பலப்படுத்தின. பிறகு பெருகின.

கோலியர் பொறி வைப்பதை நிறுத்தவே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எண்ணிக்கை ஏறிய பிறகு அளவாகப் பிடித்தார். மாகாணப் பொறிக்காரர் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். 1959-ல் வந்த அவர் புத்தகம் இன்றும் வாசிக்கப்படுகிறது. விலங்கைக் கொல்லவே கூடாது என்பவர்களுக்கு அவர் கதை முழுத் திருப்தி தராது. தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு அதில் நிறைய இருக்கிறது.

பீவரை விமானத்திலிருந்து இறக்கியதும் நடந்திருக்கிறது. 1948-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 76 பீவர்களை மரப்பெட்டியில் வைத்து, பாராசூட்டில் மலைக்காட்டுக்குள் இறக்கினார்கள். ஒன்றைத் தவிர எல்லாம் பிழைத்தன.

பொறியையே மாற்றியவர்

மூன்றாமவர் ஃபிராங்க் கோனிபேர். கனடாவின் வடமேற்குப் பகுதியில் 30 வருடத்துக்கும் மேல் பொறிக்காரர். தான் பிடித்த விலங்குகள் பட்ட வேதனை அவரை விடவில்லை. தொழிலை ஒழிக்க முடியாது, குறைந்தது சாவாவது சீக்கிரம் வரட்டும் என்று யோசித்தார். காலைக் கவ்வும் பொறிக்குப் பதில், கழுத்தையோ மார்பையோ ஒரே அடியில் நெரித்துக் கொல்லும் சட்டப்பொறி ஒன்றை வடிவமைத்தார். 1950-களின் கடைசியில் அது சந்தைக்கு வந்தது. கொடுமைக்கு எதிரான விலங்கு நல அமைப்பே வளர்ச்சிக்கு உதவியது. இன்றும் உலகம் முழுக்க இந்த வகைப் பொறி 'கோனிபேர்' என்ற பெயரிலேயே அழைக்கப்படுகிறது.

இதுவும் முழுத் தீர்வு இல்லை. விலங்கு சரியான கோணத்தில் நுழையாவிட்டால் உடனே சாகாது. வழிதவறி வரும் நாய்களும் மாட்டுகின்றன. 1997-ல் ஐரோப்பிய ஒன்றியம், கனடா, ரஷ்யா ஏற்றுக்கொண்ட 'மனிதாபிமான' பொறித் தரத்தில் பீவருக்கு விதித்த கெடு என்ன தெரியுமா? கொல்லும் பொறியில் சிக்கியது 300 விநாடிக்குள் நினைவிழக்க வேண்டும். அதாவது 5 நிமிடம். சோதனையில் 80 சதவீத விலங்குகளுக்கு இது நடந்தால் பொறி பாஸ்.

அப்போ மொத்தமா தடை போட வேண்டியதுதானே?

இங்கேதான் சிக்கல். ரோமத்துக்கு எதிரான போராட்டம் 1970, 80-களில் ஐரோப்பாவில் வலுத்தது. 1983-ல் வெள்ளை ரோமச் சீல் குட்டிகளின் தோலுக்கு ஐரோப்பியச் சமூகம் தடை விதித்தது. ஆர்க்டிக் பகுதியின் இனுவிட் மக்கள் அந்தக் குட்டிகளை வேட்டையாடுபவர்கள் இல்லை. வளர்ந்த சீல்களை உணவுக்காகப் பிடித்து, மிஞ்சும் தோலை விற்பவர்கள். ஆனாலும் சந்தை மொத்தமாக விழுந்தது. வேறு வருமானமே இல்லாத கிராமங்களில் அடி விழுந்தது. லண்டன் தொப்பிக்காகத் தொடங்கிய வியாபாரத்துக்கு விலை கொடுத்தவர்களும் அவர்கள். அது நின்றபோது விலை கொடுத்தவர்களும் அவர்கள்.

ஹட்சன்ஸ் பே கம்பெனி தன் ரோமத் தோல் ஏலப் பிரிவை 1987-லேயே விற்றுவிட்டது. அதை வாங்கி நடத்திய ஏல நிறுவனமும் 2019-ல் கடனில் மூழ்கியது. பீவரோ 1975 முதல் கனடாவின் அதிகாரப்பூர்வ தேசியச் சின்னம். 5 சென்ட் நாணயத்தில் 1937-லிருந்தே இருக்கிறது. இன்று வட அமெரிக்காவில் அவற்றின் எண்ணிக்கை மீண்டும் லட்சக்கணக்கில் இல்லை, கோடியைத் தொடும் அளவில் மதிப்பிடப்படுகிறது. ரோட்டில் தண்ணீர் ஏறுகிறது, தோட்டத்து மரம் போகிறது என்று புகார் வந்தால் இப்போதும் பொறிக்காரரைத்தான் கூப்பிடுகிறார்கள். பல இடங்களில் தோலுக்குக் கிடைக்கும் விலையைவிட இந்தக் கூலி அதிகம்.

கியூபெக்கின் ஜேம்ஸ் விரிகுடாக் கரையில் வாழும் கிரீ மக்களிடம் வேறொரு கணக்கு இருக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் பீவர் தீர்ந்து, அங்கே பட்டினி வந்தது. ரூப்பர்ட் ஹவுஸ் என்ற ஊரில் இருந்த கம்பெனி மேலாளரும் அவர் மனைவி மாட் வாட்டும் மாகாண அரசிடம் பேசி, 1932-ல் பெரிய காட்டுப் பகுதியை பீவர் காப்பிடமாக எடுத்தார்கள். காவலுக்கு நின்றவர்கள் கிரீ வேட்டைக்காரர்கள். எந்த ஓடையில் எத்தனை பீவர் வீடு என்று அவர்கள் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்ல வேண்டும்; பெருகிய பிறகே, வீட்டுக்கு இத்தனை என்ற அளவில் பிடிக்கலாம். அப்படி எண்ணிக் கணக்குச் சொன்னவருக்கு 'டாலிமேன்' என்று பெயர். ஒவ்வொரு குடும்பத்தின் வேட்டை நிலத்துக்கும் இப்போதும் ஒரு டாலிமேன் உண்டு. அங்கே அணைக்கட்டோ சுரங்கமோ சாலையோ வருவதென்றால், பேச வருகிறவர்கள் முதலில் அவரைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது.